கை வலிக்கிறது, ஆனால் எம்பிராய்டரியை விட மனசில்லை

கேள்வி: எனக்கு 46 வயது. ஆறு வருடமாக முடக்குவாதம் (மூட்டுகள் வீங்கி வலிக்கிற ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) இருக்கிறது. மருந்தில் ஓரளவு கட்டுப்பாட்டில் இருந்தாலும் காலையில் ஒரு மணி நேரத்துக்கு விரல்கள் மடங்காது, கட்டைவிரலின் அடியில் எப்போதும் ஒரு வலி. சின்ன வயதிலிருந்தே எம்பிராய்டரி போடுவேன், கொஞ்சம் குரோஷாவும் தெரியும். இப்போது ஊசியைப் பிடித்து அரை மணி நேரம் உட்கார்ந்தால் மறுநாள் கை வீங்கிக்கொள்கிறது. 'இருக்கிற கையையும் கெடுத்துக்காதே' என்று வீட்டில் திட்டு. மகள் அதற்குப் பதிலாகப் பெரியவர்களுக்கான கலரிங் புத்தகமும் கலர் பென்சிலும் வாங்கிக் கொடுத்தாள். ஆசையாகத்தான் கொடுத்தாள், ஆனால் அதைப் பார்த்தாலே எனக்கு அழுகை வருகிறது. கணவரோ, 'போடுவதானால் விற்கிற மாதிரி போடு, பிரயோஜனமாவது இருக்கும்' என்கிறார். பார்க்க வருகிறவர்கள் 'இந்த நிலைமையிலும் இதெல்லாம் செய்றீங்களே' என்று ஆச்சரியப்படுகிறார்கள், அது எனக்குப் பிடிக்கவே இல்லை. நான் எம்பிராய்டரியை விட்டுவிட வேண்டுமா? இன்னொன்றும் கேட்க வேண்டும். பக்கவாதத்தில் ஒரு கை வராமல் போன என் சித்தப்பா மரவேலையில் கெட்டிக்காரர், இப்போது சும்மாவே உட்கார்ந்திருக்கிறார். அவருக்கும் ஏதாவது சொல்லுங்கள்.

பதில்: விட வேண்டாம். நீளமாக எழுதப் போகிறேன் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது நோயோ காயமோ வந்தவர்கள் தங்கள் அன்றாட வேலைகளைச் செய்ய வழி பார்த்துக் கொடுக்கிறவர், கைப் பிரச்சினையோடு வருகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். எம்பிராய்டரியை நிறுத்தச் சொல்லும்படி உங்கள் கடிதத்தில் எதுவும் எனக்குத் தெரியவில்லை. போடுகிற விதத்தில் மாற்ற வேண்டியது மட்டும் நிறைய இருக்கிறது.

அந்தக் கலரிங் புத்தகத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். மகள் மனசு நோகக் கூடாது என்று நீங்கள் அதைச் செய்துகொண்டிருந்தால் தாராளமாக நிறுத்திவிடுங்கள், சொல்வதற்கு நல்ல காரணமும் இருக்கிறது: உங்கள் கட்டைவிரலுக்குக் கலர் பென்சில் ஊசியைவிட மோசம். கட்டைவிரல் நுனியும் ஆள்காட்டி விரல் நுனியும் சேர்ந்து ஒரு பொருளைக் கிள்ளிப் பிடிக்கும்போது, நுனியில் நீங்கள் கொடுக்கிற அழுத்தம் கட்டைவிரலின் அடிமூட்டுக்குப் போய்ச் சேர்கையில் 10 மடங்குக்கும் மேல் ஆகிவிடும், அதாவது நுனியில் ஒரு கிலோ என்றால் அடியில் பத்துக் கிலோவுக்கு மேல். மெல்லிய பென்சிலை இறுக்கிப் பிடித்து, நிறம் அழுத்தமாக விழ வேண்டும் என்று தாளில் அமுக்கி, ஒரு இலை நிரம்பும்வரை பிடியைத் தளர்த்தாமல் கையை ஆட்டிக்கொண்டே இருக்கிறோம். ஊசியிலாவது ஒவ்வொரு தையலுக்கும் இடையில் விரல்கள் கொஞ்சம் விடுபடும், பென்சிலில் அதுவும் இல்லை. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குச் சுலபமாகத் தெரிகிற வேலையெல்லாம் மூட்டுக்குச் சுலபமாக இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

அழுகை வருவதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நன்றி இல்லாமல் இருக்கிறோமோ என்று உங்களுக்கு ஒரு குற்ற உணர்ச்சி இருப்பது கடிதத்தில் தெரிகிறது. அப்படியெல்லாம் இல்லை. முப்பது வருடமாக ஒரு கலையைக் கையில் வைத்திருக்கிறவரிடம், உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்காமல் உங்கள் நோய்க்கு எது ஒத்துவரும் என்று பார்த்து ஒன்றை வாங்கிக் கொடுத்தால் யாருக்கும் வருத்தமாகத்தான் இருக்கும். மகளிடம் இதை நேராகவே சொல்லலாம். அவளால் செய்யக்கூடிய உருப்படியான உதவிகள் பல இருக்கின்றன, கீழே வருகின்றன.

சரி, கை கெட்டுப்போகுமா என்ற பயம். கையைப் பயன்படுத்தினால் மூட்டு தேயும் என்று ரொம்பக் காலமாகவே ஒரு எண்ணம் இருக்கிறது, வீட்டார் சொல்வதும் அதைத்தான். முடக்குவாதத்தில் மூட்டைக் கெடுப்பது முக்கியமாக உள்ளே இருக்கும் அழற்சி, அதை அடக்குவது மருந்தின் வேலை. கையைச் சும்மா வைத்திருந்தால் அழற்சி குறைந்துவிடாது, தசை மெலிந்து பிடிதான் தளரும். 490 முடக்குவாதக்காரர்களை வைத்துச் செய்து 2015இல் வெளியான ஒரு பிரிட்டன் ஆய்வில், கைக்கென்று தனியாக வடிவமைத்த நீட்டும் பயிற்சியும் வலுவூட்டும் பயிற்சியும் செய்தவர்களுக்கு ஒரு வருடம் கழித்தும் கைப்பயன்பாடு மேம்பட்டிருந்தது, பயிற்சியால் வலி கூடவும் இல்லை. வீட்டில் யாராவது திட்டினால் இதைச் சொல்லுங்கள். ஆனால் மூட்டு சூடாகி, சிவந்து, வீங்கியிருக்கும் நாள் வேறு. அன்று ஊசியும் வேண்டாம், பயிற்சியும் வேண்டாம், மெதுவாக ஒரு சில தடவை மடக்கி நீட்டினால் போதும்.

இங்கே ஒரு எச்சரிக்கை, என் தொழிலைச் சேர்ந்தவர்கள் மீதே. மேலே சொன்னதைக் கேட்டுவிட்டு 'அப்போ எம்பிராய்டரியே ஒரு பயிற்சிதானே' என்று யாராவது ஆரம்பிப்பார்கள், நாங்களும் ஆரம்பிப்போம். தயவுசெய்து அதற்கு ஆளாகிவிடாதீர்கள். கைப்பயிற்சி கைக்காக, எம்பிராய்டரி உங்களுக்காக. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால், விரல் சரியாக மடங்கியதா, நேற்றைவிட இன்று எத்தனை தையல் கூடுதல் என்று எண்ண ஆரம்பித்துவிடுவீர்கள், பிடித்த ஒரே விஷயமும் மருந்து வேளை மாதிரி ஆகிவிடும். மாற்றுத்திறன் உள்ளவர்கள் எதைச் செய்தாலும் அது சிகிச்சையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் சாதனையாக இருக்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் வருமானமாக இருக்க வேண்டும் என்று ஒரு எழுதாத சட்டம் எல்லோர் தலையிலும் இருக்கிறது. மற்றவர்களெல்லாம் பொழுதுபோகிறது என்பதற்காகவே ஒன்றைச் செய்யலாமாம், உங்களுக்கு மட்டும் காரணம் வேண்டுமாம். எனக்கு இதில் கோபமே வருகிறது.

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி, பதிலை எனக்கு எழுத வேண்டாம், உங்களுக்கே சொல்லிக்கொள்ளுங்கள். எம்பிராய்டரியில் உங்களுக்குப் பிடித்தது எது? நூல் நிறங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதா, ஒரே தையலைத் திரும்பத் திரும்பப் போடும்போது மனசு அடங்குவதா, பூவை வரைந்துகொள்வதா, பின்பக்கம் முடிச்சே தெரியாத நேர்த்தியா, முடித்து யாருக்காவது கொடுப்பதா? கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. எது பிடித்ததோ அதை உங்கள் கையிலேயே வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் கருவியிடமோ வேறு ஆளிடமோ தள்ளிவிடலாம். நிறம்தான் பிடிக்கும் என்றால் ஒரே இழையில் நுணுக்கமாகப் போட வேண்டிய அவசியமே இல்லை, தடித்த நூலில் பெரிய தையலாகப் போட்டாலும் நிறம் நிறம்தான். திரும்பத் திரும்பப் போடும் அமைதிதான் வேண்டும் என்றால் கட்டம் போட்ட துணியில் குறுக்குத் தையல் போதும், வரைகிற வேலையும் மிச்சம். நேர்த்திதான் உயிர் என்றால் அளவைச் சுருக்குங்கள், ஒரு முழு மேசைவிரிப்புக்குப் பதில் உள்ளங்கை அகலத்தில் ஒரே ஒரு பூ. எல்லாமே பிடிக்கும் என்றுதான் முதலில் தோன்றும். கொஞ்சம் யோசித்தால் ஒன்று முன்னால் வந்து நிற்கும்.

இனி கருவிகள். வளையத்தை இடது கையில் பிடித்துக்கொண்டுதானே போடுகிறீர்கள்? உங்களுக்கு வலியைக் கொடுப்பதில் பாதி அந்தக் கைதான் என்று நினைக்கிறேன். ஊசி பிடிக்கிற கையைத்தான் எல்லோரும் சந்தேகப்படுவார்கள், ஆனால் அது அசைந்துகொண்டாவது இருக்கிறது. வளையம் பிடிக்கிற கையில் கட்டைவிரல் ஒரே இடத்தில் அரை மணி நேரம் இறுகிக் கிடக்கிறது. அதனால் முதலில் வாங்க வேண்டியது ஊசியோ நூலோ இல்லை, வளையத்தைப் பிடித்துக்கொள்ள ஒரு ஸ்டாண்டு. மேசையில் கிளாம்ப் போட்டு மாட்டுவது உண்டு, தொடைக்கு அடியில் பலகையைச் சொருகி உட்காருவது உண்டு. தொடையில் வைப்பது எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது, அதைப் பார்த்துக் கழுத்து குனிந்துகொண்டே போகும். ஸ்டாண்டு வந்ததும் இரண்டு கையும் விடுபடும், ஒரு கை துணிக்கு மேலே, ஒரு கை கீழே, ஊசியை நேராகக் குத்தி இறக்கி, கீழேயிருந்து வாங்கி மேலே அனுப்பலாம். இந்த முறையில் மணிக்கட்டைத் திருகி ஊசியைக் கோலி எடுக்க வேண்டியதில்லை. கொஞ்சம் மெதுவாகத்தான் போகும், இரண்டு மூன்று நாளுக்கு எரிச்சலாக இருக்கும், பிறகு பழகிவிடும். ஸ்டாண்டை உங்கள் உயரத்துக்கு ஏற்றபடி செய்ய வேண்டுமென்றால் சித்தப்பாவிடம் கேளுங்கள், அளவு அவர் சொல்லட்டும்.

ஊசிக்கு வருவோம். ஊசி எண் ஏற ஏற ஊசி மெலிந்துகொண்டே போகும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான், நீங்கள் இப்போது 9, 10 என்று போய்க்கொண்டிருந்தால் இரண்டு மூன்று எண் இறங்குங்கள். தடித்த ஊசி துணியில் அகலமாகத் துளை போடும், நூல் உராயாமல் பின்னாலேயே வரும், இழுக்கிற வேலை குறையும். ஊசி போவதே பிரச்சினையில்லை பாருங்கள், வெளியே வரும்போது நுனியைக் கிள்ளி இழுக்கிறோமே, அந்த ஒரு இழுப்பில்தான் கட்டைவிரல் அடிமூட்டு கத்துகிறது. அதற்கு ஒரு சின்ன வழி: வெடித்துப்போன பலூனில் விரல் நுனி அளவுக்கு ஒரு துண்டு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஊசியை அதனால் பிடித்து இழுத்துப் பாருங்கள். ரப்பர் ஒட்டிக்கொள்வதால் முன்பு இறுக்கியதில் பாதிகூட இறுக்க வேண்டியிருக்காது. விரலில் மாட்டும் ரப்பர் உறையும் இதே வேலையைச் செய்யும், ஆனால் வியர்க்கும்.

துணி முக்கியம். நெருக்கமாக நெய்த துணியில் போடுகிறவர்கள் எல்லோரும் துணியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். தளர்வாக நெய்த லினன், இல்லையென்றால் குறுக்குத் தையலுக்கென்றே வருகிற துளைத் துணி எடுத்தால் ஊசி தானாக இறங்கும். நூலை முழங்கை நீளத்துக்கு மேல் வெட்டாதீர்கள், நீள நூல் என்றால் ஒவ்வொரு தையலுக்கும் தோள்வரை கையை இழுக்க வேண்டும். அதற்காக அடிக்கடி ஊசி கோர்க்க வேண்டி வருமே என்பீர்கள். வரும். மகளை உட்கார வைக்க வேண்டிய இடம் இதுதான்: வாரத்தில் ஒரு நாள் மாலை, பத்துப் பதினைந்து ஊசியில் உங்களுக்கு வேண்டிய நிறங்களைக் கோர்த்துப் பின்குஷனில் வரிசையாகக் குத்தி வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். நிறம் தீர்ந்தால் அடுத்த ஊசி. அவளுக்கும் ஏதோ செய்தோம் என்று இருக்கும், கலரிங் புத்தகத்தைப் பற்றிய பேச்சும் தானாக மறைந்துவிடும். அவள் இல்லாத நாளைக்கு, காது மேல்பக்கம் பிளந்திருக்கிற ஊசி கிடைக்கிறது, நூலை மேலே வைத்து அமுக்கினால் உள்ளே இறங்கிவிடும். நூல் வெட்ட விரல் நுழைக்கிற கத்தரிக்கோல் வேண்டாம், அமுக்கிவிட்டால் தானே திறந்துகொள்ளும் ஸ்பிரிங் கத்தரி வாங்குங்கள். நகவெட்டியிலும் நூல் வெட்டலாம், சிலருக்கு அதுதான் பிடிக்கிறது.

ஆரி ஒர்க் (கொக்கி முனை ஊசியால் போடுகிற எம்பிராய்டரி) பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்லுவார்கள் என்பதால் சொல்கிறேன். ஊசிக்குக் கைப்பிடி இருக்கிறது, பிரேமில் இழுத்துக் கட்டிய துணி, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கைப்பிடியைத் தடிப்பாக்கிக்கொண்டால் பிடியும் சுலபம். ஆனால் ஒவ்வொரு தையலுக்கும் ஊசியைத் திருகித்தான் எடுக்க வேண்டும், துணிக்கு அடியில் இருக்கிற கையும் நூலைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். உங்கள் கட்டைவிரலுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

குரோஷாவில் கொஞ்சம்தான் சொல்ல இருக்கிறது. ஊக்கைப் பேனா பிடிப்பதுபோல் பிடிக்கிறீர்களா, கத்தி பிடிப்பதுபோல் உள்ளங்கைக்குள் பிடிக்கிறீர்களா என்று எழுதவில்லை. பேனா பிடி என்றால் மாற்றிப் பாருங்கள், உள்ளங்கைப் பிடியில் கிள்ளல் குறைவு. 2 மில்லிமீட்டர் ஊக்கையெல்லாம் எடுத்து வைத்துவிட்டு 5, 6 என்று போங்கள், தண்டில் ஃபோம் குழாயைச் செருகிக்கொள்ளுங்கள் (தண்ணீர்க் குழாயைச் சுற்றுவார்களே, அந்தக் கறுப்பு ஃபோம், துளை பெரிதாக இருந்தால் தண்டில் முதலில் துணியைச் சுற்றிக்கொள்ளலாம்). நூலின் இறுக்கத்தை இடது கை விரல்களில் சுற்றிப் பிடிக்காமல் கழுத்தைச் சுற்றி விட்டுப் பின்னுகிற போர்த்துக்கீசிய முறை ஒன்று உண்டு. விரலுக்கு அது பெரிய நிம்மதி.

நேரத்தைப் பற்றிப் பேசாமல் இதெல்லாம் பயன்படாது. நல்ல நாளில் வலி தெரியாமல் உற்சாகமாக அரை மணி, முக்கால் மணி போட்டுவிடுவது, அடுத்த இரண்டு நாள் படுப்பது, பிறகு பயந்து ஒரு வாரம் தொடாமல் இருப்பது, மறுபடி நல்ல நாள் வந்ததும் விட்டதையெல்லாம் பிடிக்கப் பார்ப்பது: கைவேலை செய்கிற முடக்குவாதக்காரர்களில் பெரும்பாலானவர்கள் இப்படித்தான் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். வலித்தால் நிறுத்துவேன் என்று வைத்துக்கொண்டால் ஏற்கெனவே தாமதம். நீங்கள் இப்போது அரை மணியில் மாட்டிக்கொள்கிறீர்கள், அதனால் பத்து நிமிடத்தில் அலாரம் வையுங்கள், ஆசை அடங்காத நிலையிலேயே எழுந்துவிடுங்கள், கையை மடியில் விரித்து வைத்துக் கொஞ்சம் ஓய்வு, வேண்டுமானால் இன்னொரு பத்து. காலையில் வேண்டாம், விறைப்பு இறங்கிய பிறகு, உட்காருவதற்கு முன் வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் கையை வைத்து எடுங்கள். அளவு சரியா என்று தெரிந்துகொள்ள ஒரு கணக்கு இருக்கிறது: முடித்து இரண்டு மணி நேரம் கழித்தும் முன்பைவிட அதிகமாக வலித்தால் அன்று கூடுதலாகப் போட்டிருக்கிறீர்கள், அடுத்த முறை குறைக்க வேண்டும். அப்படி எதுவும் இல்லாமல் ஒரு வாரம் ஓடினால் ஐந்து நிமிடம் கூட்டலாம். பத்து நிமிடத்தில் என்ன முடியும் என்று கேட்பீர்கள். ஒரு இதழ் முடியும்.

அடுத்தவர் கோர்த்த ஊசியில், அடுத்தவர் வரைந்த பூவில் போட்டால் அது நம் வேலையா என்ற கேள்வி உங்களுக்கு வராவிட்டாலும் யாராவது கேட்பார்கள். ஓவியர் ரெனுவாருக்கு உங்களுக்கு இருக்கிற இதே நோய்தான், 1892 வாக்கில் ஆரம்பித்தது, 1919இல் இறக்கும்வரை வரைந்தார். இதை எல்லோரும் மனவுறுதிக்கு உதாரணமாகச் சொல்வார்கள், எனக்கு அவருடைய மனவுறுதியில் அக்கறை இல்லை, அவருடைய ஏற்பாடுகளைத்தான் கவனிக்கிறேன். தூரிகையைக் கையோடு கட்டிக்கொண்டார் என்று கதை உண்டு, உண்மையில் கையில் சுற்றியிருந்த துணி தோல் புண்ணாகாமல் இருப்பதற்காக, தூரிகையை விரல்களுக்கு நடுவில் உதவியாளர் வைத்துவிடுவார். பெரிய படமென்றால் கான்வாஸையே உருளைகளில் நகரும்படி செய்துகொண்டு, வேண்டிய பகுதியைத் தன் கைக்கு எட்டும் இடத்துக்குக் கொண்டுவந்து வரைந்தார். கடைசி வருடங்களில் சிற்பம் செய்ய ஆசை வந்தது, களிமண்ணைப் பிசையக் கை இல்லை, ரிஷார் கினோ என்ற இளம் சிற்பியை வைத்து, தான் சொல்லச் சொல்ல அவரைச் செய்ய வைத்தார். அந்தச் சிற்பங்களுக்குக் கினோவும் படைப்பாளிதான் என்று 1973இல் பிரெஞ்சு நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது தனிக்கதை. உதவி வாங்குவதில் வெட்கம் வேண்டாம், ஆனால் பூ வரைந்து கொடுத்தது மகள்தான் என்று சொல்லிவிடுங்கள், பின்னால் வழக்கு வராது.

விற்பது பற்றி. கணவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், பணம் வந்தால் சந்தோஷம் என்று நினைக்கிறார். ஆர்டர் என்று வந்தால் தேதி வரும். உங்கள் நோய்க்குத் தேதி தெரியாது, கை வீங்குகிற வாரமும் கொடுக்க வேண்டிய வாரமும் ஒன்றாக வந்தால், வாக்குக் கொடுத்துவிட்டோமே என்று வீங்கிய கையோடு உட்கார்ந்து போடுவீர்கள். விற்க உங்களுக்கே ஆசை இருந்தால், முடித்து வைத்ததை மட்டும் விற்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'இதே மாதிரி இன்னும் ஆறு வேண்டும்' என்று யார் கேட்டாலும் இல்லை. ஆசை இல்லையென்றால் இந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிடலாம், பிரயோஜனம் இல்லாமல் ஒரு பூ இருந்தால் வீடு இடிந்துவிடாது.

'இந்த நிலைமையிலும்' என்று ஆரம்பிக்கிறவர்களிடம் உங்கள் நோயைப் பற்றிப் பேச வேண்டிய கட்டாயம் இல்லை. 'இந்த ஓரத்துக்குக் கருநீலம் போடலாமா, பச்சையே இருக்கட்டுமா, உங்களுக்கு என்ன தோணுது?' என்று கேட்டுவிடுங்கள். பதில் சொல்லத் தெரியாதவர்கள் பேச்சை மாற்றுவார்கள், தெரிந்தவர்கள் துணியைக் கையில் எடுத்துப் பார்ப்பார்கள். இரண்டுமே நல்லதுதான்.

சில விஷயங்களில் மட்டும் பொறுத்துப் பார்க்காதீர்கள். மோதிரவிரலோ சுண்டுவிரலோ திடீரென்று ஒரு நாள், வலியே இல்லாமல்கூட, நிமிர மறுத்தால் அது தசைநாண் அறுந்ததாக இருக்கலாம், அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் இரவில் மரத்துப்போய்த் தூக்கத்தைக் கெடுத்தால் மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுகிறது என்று அர்த்தம், அதற்கும் வழி இருக்கிறது, காட்டுங்கள். முடக்குவாத மருந்துகளில் பல நோய் எதிர்ப்பைக் குறைப்பவை, ஊசி குத்திவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், சிவந்து வீங்கினால் வீட்டு வைத்தியம் வேண்டாம். அப்புறம், கட்டைவிரலைத் தாங்கும் சின்ன ஸ்பிளிண்ட் ஒன்று உங்கள் கைக்கு அளவெடுத்துச் செய்தால் ஊசி பிடிக்கும்போது அடிமூட்டு ஆடாது. இதைக் கடையில் பார்த்து வாங்காமல் ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் போய்ச் செய்துகொள்ளுங்கள், போகும்போது வளையத்தையும் நூலையும் கூடவே எடுத்துப் போங்கள். நீங்கள் போட்டுக் காட்டினால்தான் எங்களுக்கு எதுவும் புரியும்.

சித்தப்பா விஷயத்தில் கருவியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒன்று. 'சும்மாவே உட்கார்ந்திருக்கிறார்' என்று எழுதியிருக்கிறீர்கள். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வும் வருகிறது, வீட்டில் அதை வயசு, பிடிவாதம், சோம்பல் என்று என்னென்னவோ பெயரில் சொல்லிக்கொள்கிறோம். தூக்கம், சாப்பாடு, பேச்சு இவை குறைந்திருந்தால் முதலில் டாக்டரிடம் இதைச் சொல்லுங்கள், சிகிச்சை உண்டு. அதைப் பார்க்காமல் உளியைக் கையில் கொடுத்தால் உளியும் சும்மா இருக்கும்.

அது சரியாக இருந்தால், ஒரு கை மரவேலை முழுக்க முழுக்க இறுக்கிப் பிடிப்பதில்தான் இருக்கிறது. போன கை முன்பு செய்துகொண்டிருந்த வேலை பெரும்பாலும் மரத்தைப் பிடித்துக்கொள்வது, அதை மேசையில் பொருத்திய வைஸும் (மரத்தை இறுக்கிப் பிடிக்கிற இடுக்கி) இரண்டு கிளாம்ப்பும் செய்துவிடும், அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பு ஒன்று. கிளாம்ப்பில் ஒரு கையால் நெம்புகோலை அமுக்கி மூடுகிற வகையாகப் பாருங்கள், திருகுகிற வகைக்குப் பல நேரம் இன்னொரு கை வேண்டும். பிழைத்த கை அவருக்குப் பழக்கமில்லாத கையாக இருந்தால் உப்புத்தாள் தேய்ப்பது, எண்ணெய் பூசுவது, அளந்து கோடு போடுவது என்று ஆரம்பிக்கட்டும், உளி பிறகு வரட்டும். மின்சார ரம்பம் வேண்டவே வேண்டாம். உணர்வு போன கை எங்கே கிடக்கிறது என்பது சிலருக்குத் தெரியாது, ஒரு பக்கத்தில் இருப்பது பார்வைக்கே தட்டாமல் போகிறவர்களும் உண்டு, அதனால் கூர்மையான எதையும் எடுப்பதற்கு முன் அவருடைய டாக்டரிடமோ தெரபிஸ்டிடமோ இதை மட்டும் சோதித்துவிடச் சொல்லுங்கள். மேசையில் எதை எங்கே பொருத்துவது என்பதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள், அவரே காட்டட்டும், அவர் காட்டுகிற இடத்தில் யாராவது திருகாணியை முடுக்கிக் கொடுத்தால் போதும்.